அமைதியின் மடியில் செல்வம்: ரூபன்ஸ் ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீட்டர் பால் ரூபன்ஸ் 1629–30இல் லண்டனில் தங்கியிருந்தபோது வரைந்த பெரிய தைலவண்ண ஓவியம் ஒன்று அந்நகரின் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ‘மார்ஸிடமிருந்து பாக்ஸைக் காக்கும் மினெர்வா’ என்பது முழுப்பெயர்; ‘அமைதியும் போரும்’ என்றாலும் தெரியும். பழம், பால், பொன், குழந்தைகள் என்று நிரம்பி வழியும் படம். கருத்துகளை ஆட்களாகவும் பொருட்களாகவும் காட்டும் உருவக ஓவியங்களைப் படிக்கப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. இதைப் பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே.

படத்தில் யார் யார் இருக்கிறார்கள்?

நடுவில், சற்றே இடப்புறமாக, ஆடையின்றி அமர்ந்திருப்பவள் பாக்ஸ்; ரோமானியர்களின் அமைதித் தேவி. அவள் தன் மார்பைப் பிழிய, பால் ஒரு குழந்தையின் வாய்க்குப் போகிறது. அந்தக் குழந்தை புளூட்டஸ், செல்வத்தின் கடவுள். பாக்ஸின் தலைக்கு மேலே பறக்கும் குட்டித் தேவனிடம் ஆலிவ் இலை வளையமும், பாம்புகள் பின்னிய மெர்குரியின் கோலும் இருக்கின்றன. இரண்டும் சமாதானத்தின் அடையாளங்கள். மெர்குரி வணிகர்களின் தேவனும்கூட என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடது ஓரத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி பொற்பாத்திரங்களையும் நகைகளையும் அள்ளிக்கொண்டு வருகிறாள். மற்றவள் கஞ்சிராவைப் போன்ற டாம்பரினைத் தூக்கித் தட்டியபடி ஆடிவருகிறாள். முன்னால், ஆட்டுக்கால் கொண்ட சாட்டிர் ஒருவன் பழம் நிறைந்த கொம்பை ஏந்தி மண்டியிட்டிருக்கிறான். அவனருகே ஒரு சிறுத்தை. பழத்தை நோக்கி வலப்புறமிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் சிறகுள்ளவன் காதல் தேவன் க்யூபிட். தீவட்டி பிடித்தபடி ஒரு பெண்பிள்ளைக்கு மலர்வளையம் சூட்டுகிறவன் திருமணத் தேவன் ஹைமன்.

இவர்கள் எல்லோருக்கும் பின்னால், தலைக்கவசம் அணிந்த அறிவின் தேவி மினெர்வா, போர்த் தேவன் மார்ஸை வலப்புறமாக நெட்டித் தள்ளுகிறாள். அவனோடு அலெக்டோ என்னும் வெறியின் தேவதையும் விரட்டப்படுகிறாள். அந்தப் பக்கம் வானமே இருண்டு கிடக்கிறது.

வளத்தைப் பற்றிய படம் என்கிறீர்கள். வளத்தின் தேவி எங்கே?

இல்லை. ரூபன்ஸின் சாமர்த்தியமே அதில்தான் இருக்கிறது.

அக்கால ஓவியர்களுக்கு ஒரு கைநூல் இருந்தது. சேசரே ரிப்பா என்ற இத்தாலியர் தொகுத்த ‘இக்கோனோலோஜியா’. 1593இல் ரோமில் முதலில் வெளிவந்தது. 1603இல் படங்களோடு வந்தது. அறம், கோபம், சோம்பல், ஆறுகள், மாதங்கள் என எதை உருவமாக வரைய வேண்டுமானாலும் அதற்கு என்ன உடை, கையில் என்ன பொருள் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். ‘வளம்’ என்ற தலைப்பில் அது சொல்வது: நெற்றியில் மலர்மாலை சூடிய அழகிய பெண், பொன் வேலைப்பாடு செய்த பச்சை ஆடை, வலக்கையில் பழங்கள் நிறைந்த கொம்பு, இடக்கையில் தானியக் கதிர்க்கட்டு, அதிலிருந்து சில கதிர்கள் தரையில் சிந்திக் கிடக்க வேண்டும்.

இந்தக் குறிப்பை அப்படியே வரைந்த ஓவியர்கள் ஏராளம். பெரும்பாலும் அவை அடையாள அட்டையைப் போலத்தான் இருக்கும்: ஒரு பெண் நிற்கிறாள், கையில் சாமான்கள் இருக்கின்றன, ஒன்றும் நடக்கவில்லை. ரூபன்ஸ் அந்தப் பெண்ணையே எடுத்துவிட்டார். கொம்பைச் சாட்டிரிடம் கொடுத்தார்; பொன்னை இடது ஓரப் பெண்ணிடம் கொடுத்தார்; ஊட்டும் வேலையை அமைதித் தேவியிடம் ஒப்படைத்தார். ஆகவே இங்கே வளம் ஒரு ஆளாக நிற்கவில்லை. பிழிவது, நீட்டுவது, வாங்குவது, சூட்டுவது என்று செயல்களாகப் பரவியிருக்கிறது. அதனால் எந்தப் பொருளுக்கு என்ன அர்த்தம் என்று தேடுவதற்கு முன்னால், யார் யாருக்கு என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பாதிப் படம் அதிலேயே விளங்கிவிடும்.

அமைதி ஏன் செல்வத்துக்குப் பாலூட்ட வேண்டும்?

இந்த எண்ணம் ரூபன்ஸுக்கு இரண்டாயிரம் ஆண்டு மூத்தது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸில் கெபிசோடோட்டஸ் என்ற சிற்பி, கிரேக்க அமைதித் தேவி ஐரீனே குழந்தை புளூட்டஸை ஏந்தி நிற்கும் வெண்கலச் சிலையைச் செய்தார். மூலச்சிலை போய்விட்டது, அதன் ரோமானியப் பளிங்குப் பிரதியை மியூனிக்கின் கிளிப்டோதெக் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். அமைதியின் கையில்தான் செல்வம் வளர்கிறது என்பது அதன் செய்தி.

ரூபன்ஸ் அதை ஒரு படி மேலே கொண்டுபோனார். அங்கே தாய் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறாள். இங்கே தன் உடம்பிலிருந்தே கொடுக்கிறாள். இன்னொரு சுற்றும் இதில் இருக்கிறது. கிரேக்கப் புராணப்படி புளூட்டஸின் தாய், விளைச்சலின் தேவியான டெமீட்டர். ரோமானியர்களுக்கு அவள் செரெஸ். அதனால் இந்த மையப் பெண்ணைச் செரெஸின் வடிவில் வந்த அமைதி என்று ஆய்வாளர்கள் சிலர் கொள்கிறார்கள். காதல் தேவி வீனஸின் சாயலைக் காண்பவர்களும் உண்டு. ஒன்றைப் பிடித்து மற்றதை விட வேண்டியதில்லை. ரூபன்ஸின் பெண்கள் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று தேவிகளாக இருப்பது வழக்கமான சங்கதி.

அவள் ஏன் ஆடையின்றி இருக்கிறாள்?

தேவர்கள் ஆடையின்றி இருப்பது கிரேக்க, ரோமானியச் சிற்ப மரபு. மறுமலர்ச்சிக் காலத்து ஓவியர்கள் அதைத் தொடர்ந்தார்கள். இந்தப் படத்தில் அதற்குக் கூடுதல் வேலையும் இருக்கிறது. அவளுக்குப் பின்னால் கறுத்த இரும்புக் கவசம் இருக்கிறது. கவசத்துக்கு முன்னால் வெறும் தோலை வைத்தால்தான் அமைதி எவ்வளவு எளிதில் காயப்படக்கூடியது என்பது சொல்லாமலே புரியும்.

கொம்பிலிருந்து பழம் வருவது என்ன கதை?

இரண்டு கதைகள் உண்டு. தேவர்களின் தலைவன் ஜூபிடர் குழந்தையாக இருந்தபோது அவனை அமல்தேயா என்ற ஆடு பாலூட்டி வளர்த்தது. அதன் ஒடிந்த கொம்பு கேட்டதெல்லாம் தரும் கொம்பாயிற்று என்பது ஒன்று. அக்கலோவஸ் என்ற ஆற்றுத்தேவன் காளை வடிவில் வந்து ஹெர்குலிஸோடு மல்லுக்கட்டியபோது அவன் கொம்பை ஹெர்குலிஸ் பிடுங்கிவிட்டான். நீர்த்தேவதைகள் அதில் பழமும் பூவும் நிரப்பினார்கள் என்பது மற்றது. முதல் கதையில் வளம் தாய்மையிலிருந்து வருகிறது; இரண்டாவதில் ஆற்றை அடக்கியதிலிருந்து. இந்தப் படத்தில் பக்கத்திலேயே பால் பீய்ச்சும் தாய் இருப்பதால் ஆட்டின் கதைதான் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

ஆற்றின் கதை அவருக்குத் தெரியாமலில்லை. 1618 வாக்கில் அவர் வரைந்த ‘நிலமும் நீரும் இணைதல்’ இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் ஹெர்மிடேஜில் இருக்கிறது. அதில் நிலத்தின் தேவி கையில் இதே கொம்பு. பக்கத்தில் கடல் தேவன். ரூபன்ஸின் ஊரான, அப்போது ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த ஆன்ட்வெர்ப், ஷெல்ட் ஆற்றை நம்பிய துறைமுகம். 1585க்குப் பிறகு டச்சுக்காரர்கள் அந்த ஆற்றின் முகத்துவாரத்தைத் தம் பிடியில் வைத்துக்கொண்டு கடல் வணிகத்தை நெரித்துவிட்டார்கள். ஆறு ஓடினால்தான் கொம்பு நிறையும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் புராணமாகத் தோன்றியிருக்காது.

இந்தக் கொம்பு இந்தியாவுக்கு வந்ததுண்டா?

வந்திருக்கிறது, அதுவும் ரூபன்ஸுக்கு வெகுகாலம் முன்பே. குஷாணர் நாணயங்களில் ஆர்தோக்ஷோ என்ற தேவி கையில் இந்தக் கொம்பு இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தர் வெளியிட்ட பொற்காசுகளிலும், அரியணையில் அமர்ந்த தேவி கொம்பைப் பிடித்திருக்கிறாள். பிற்பாடு குப்தர் காசுகளில் தாமரை முந்திக்கொண்டது. அந்தத் தேவியை நாம் லட்சுமியாக அடையாளம் காண்கிறோம். நாணயவியலில் ஈடுபாடுள்ளவர்கள் இந்த மாற்றத்தைக் காசு காசாகப் பின்தொடரலாம்.

சாட்டிர் காமவெறியின் உருவம் என்று படித்திருக்கிறேன். குழந்தைகளுக்குப் பழம் கொடுக்க அவனை ஏன் வைத்தார்?

நல்ல கேள்வி. சாட்டிர்கள் மதுவின் தேவன் பாக்கஸின் கூட்டத்தார். குடி, கும்மாளம், பெண்களைத் துரத்துவது ஆகியவைதான் அவர்களின் தொழில். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் இவன் இங்கே இருக்கக்கூடாத ஆள். ஆனால் அவன் என்ன செய்கிறான்? பழத்தை நீட்டுகிறான். முரட்டு உடம்பு குனிந்து குழந்தைகளின் உயரத்துக்கு வந்திருக்கிறது.

அடுத்தது சிறுத்தை. பாக்கஸின் தேரை இழுக்கும் விலங்கு அது. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த மூலையும் அதுதான். தரையில் உருண்டு, பாதத்தைத் தூக்கிக் கொம்பிலிருந்து தொங்கும் திராட்சைக் கொடியைத் தட்டி விளையாடுகிறது, நம் வீட்டுப் பூனை நூல்கண்டைத் தட்டுவதைப் போலவே. அதற்குச் சில அடி தூரத்தில் குழந்தைகள் நிற்கிறார்கள், யாரும் பயப்படவில்லை.

சாட்டிரையும் சிறுத்தையையும் சேர்த்துப் பாருங்கள். இருவருமே காட்டு இயல்பு கொண்டவர்கள். அமைதியின் எல்லைக்குள் அந்த இயல்பு அழிக்கப்படவில்லை. அதற்கு வேறு வேலை கிடைத்திருக்கிறது. போதகர் தோரணையில் ஒரு படம் வரைந்திருந்தால் சாட்டிரைத் துரத்தியிருப்பார்கள். ரூபன்ஸ் துரத்துவது மார்ஸையும் அவன் கூட்டத்தையும் மட்டும்தான்.

பொன்னும் நகையும் பேராசையைக் கண்டிப்பதற்காக வரையப்பட்டவை என்று ஒருவர் சொன்னார். சரியா?

இந்தப் படத்தைப் பொறுத்தவரை சரியில்லை என்றே நினைக்கிறேன். பொருட்களின் நிலையாமையைச் சொல்லும் ஓவியங்கள் அக்காலத்து நெதர்லாந்தில் ஏராளம்; அங்கே நகைக்குப் பக்கத்தில் மண்டையோடோ அணைந்த மெழுகுவர்த்தியோ இருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. அந்தப் பெண் பொன்னை மறைக்கவில்லை, எண்ணவில்லை, கொண்டுவந்து கொடுக்கிறாள்.

இதைவிட வலுவான சான்று ரூபன்ஸின் எழுத்திலேயே இருக்கிறது. 1638இல் அவர் ‘போரின் விளைவுகள்’ என்ற படத்தை வரைந்தார். அது ஃபிளாரன்ஸின் பிட்டி அரண்மனையில் இருக்கிறது. அந்த ஊர் அரசவை ஓவியர் சஸ்டர்மன்ஸுக்கு எழுதிய கடிதத்தில், படத்தில் யார் யார் என்று அவரே விளக்கினார். கறுப்பு உடுத்தி, கிழிந்த முக்காட்டோடு, நகைகள் எல்லாம் பறிக்கப்பட்டுக் கதறும் பெண் ஐரோப்பா. பல ஆண்டுகளாகக் கொள்ளையும் அவமானமும் பட்டவள் என்கிறார். குழந்தையை அணைத்திருக்கும் தாய், போரினால் பிள்ளைப்பேறும் அன்பும் கெடுவதைக் காட்டுகிறாள் என்கிறார். உடைந்த லூட் இசைக்கருவியோடு கிடக்கும் பெண் இணக்கம். மல்லாந்து விழுந்த கட்டடக் கலைஞன், அமைதிக்காலத்தில் கட்டப்பட்டவை போரில் இடிவதன் அடையாளம்.

இப்போது இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1630இன் படத்தில் தாயும் பாலும். 1638இல் கதிகலங்கிய தாய். அங்கே டாம்பரின், இங்கே உடைந்த லூட். அங்கே கை நிறையப் பொன். இங்கே நகை பிடுங்கப்பட்ட கழுத்து. நகை இருப்பதை நலத்தின் அடையாளமாகவும் பறிபோவதைத் துயரத்தின் அடையாளமாகவும் அவரே வைத்திருக்கும்போது, நாம் போய் அதைப் பாவம் என்பது முறையா?

இப்படியெல்லாம் படிப்பது, ஓவியர் நினைக்காததை நாம் ஏற்றிச் சொல்வது ஆகாதா?

சில சமயம் ஆகும். பழத்தின் ஒவ்வொரு வகைக்கும் ஒரு தத்துவம் கண்டுபிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கே சலிப்பு வரும். ஆப்பிள் சில படங்களில் ஆதாம் ஏவாளின் பாவம். இந்தப் படத்தில் பெரும்பாலும் ஆப்பிள்தான்.

ஆனால் இந்தப் படத்தைப் பொறுத்தவரை மொத்தக் கருத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. இங்கிலாந்து மன்னர் சார்லஸின் ஓவியத் தொகுப்பைப் பராமரித்த ஆபிரகாம் வான் டெர் டோர்ட், 1630களின் இறுதியில் தயாரித்த பட்டியலில் இதை, அமைதிக்கும் போருக்கும் உள்ள வேறுபாட்டையும் அவற்றின் விளைவுகளையும் காட்டும் உருவகம் என்றே பதிந்திருக்கிறார். பரிசாக வந்த காலத்திலேயே அரண்மனைக்கு அர்த்தம் தெரிந்திருந்தது.

பரிசா? யார் யாருக்குக் கொடுத்தது?

ரூபன்ஸ் அப்போது ஓவியராக மட்டும் லண்டனுக்குப் போகவில்லை. ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் தூதராகப் போனார். இங்கிலாந்தும் ஸ்பெயினும் 1625 முதல் போரில் இருந்தன. பேச்சுவார்த்தைக்கு நடுவே வரைந்த இந்தப் படத்தை இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸுக்கு அவரே அன்பளிப்பாகக் கொடுத்தார். 1630 மார்ச்சில் சார்லஸ் அவருக்கு வீரத்திருத்தகை (நைட்) பட்டம் அளித்தார். அதே ஆண்டு நவம்பரில் மாட்ரிட் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. படத்தால்தான் ஒப்பந்தம் வந்தது என்று சொல்லிவிட முடியாது. இரு தரப்பிலும் கஜானா காலியாகிக்கொண்டிருந்தது.

தூதருக்குச் சொந்த அக்கறையும் இருந்தது. ஆன்ட்வெர்ப் காசநோய் பிடித்த உடம்பைப் போல நாளுக்கு நாள் மெலிகிறது என்று 1627இல் ஒரு நண்பருக்கு எழுதியவர் அவர். மினெர்வாவின் தள்ளும் கையைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். மார்ஸ் கொல்லப்படவில்லை, சங்கிலியால் கட்டப்படவுமில்லை. தள்ளிக்கொண்டுதான் இருக்கிறாள். கை தளர்ந்தால் அவன் திரும்பி வருவான், முன்னால் இருக்கும் பால், பழம், பொன் எதுவும் மிஞ்சாது. இவ்வளவு உல்லாசமான படத்துக்குள் இந்த எச்சரிக்கையை ஒரு மன்னருக்கு எட்டும்படி வைத்தது தூதரின் வேலை.

அந்தக் குழந்தைகள் கற்பனையா?

நிஜப் பிள்ளைகள். லண்டனில் ரூபன்ஸ் தங்கியிருந்தது சார்லஸின் அரசவையைச் சேர்ந்த பால்தசார் ஜெர்பியரின் வீட்டில். அந்த வீட்டுப் பிள்ளைகளைத்தான் ஹைமனாகவும் பெண்பிள்ளைகளாகவும் வரைந்தார். தேவர்கள் எல்லோரும் தத்தம் வேலையில் இருக்க, சிறுமி ஒருத்தி மட்டும் நேராக நம்மைப் பார்க்கிறாள். பழம் யாருக்காக நீட்டப்படுகிறது என்பதற்கு அந்தப் பார்வையே பதில்: ஹைமன் முடிசூட்டும் இந்தத் தலைமுறைக்காக.

படம் எப்படி நேஷனல் கேலரிக்கு வந்தது?

1649இல் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. கொலைக்களத்துக்குப் போகும் வழியில் அவர் கடந்த விருந்து மண்டபத்தின் கூரையிலும் ரூபன்ஸ் ஓவியங்களே இருந்தன. அவற்றில் ஒன்றில் அமைதியும் வளமும் தழுவிக்கொண்டிருக்கின்றன. அவருடைய தொகுப்பு விற்கப்பட்டபோது இந்தப் படமும் கைமாறி, ஜெனோவாவின் டோரியா குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் இங்கிலாந்துக்கு வந்தது. 1828இல் நேஷனல் கேலரிக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது. நிரந்தரத் தொகுப்பைப் பார்க்க அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது.

இதே முறையில் வேறு எந்தப் படத்தைப் படித்துப் பார்க்கலாம்?

நம்மோடு நேரடித் தொடர்புள்ள ஒன்றைச் சொல்கிறேன். ஸ்பிரிடியோனே ரோமா என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமையகத்துக்காக 1778இல் வரைந்த கூரை ஓவியம், ‘கிழக்கு தன் செல்வங்களைப் பிரிட்டானியாவுக்குச் சமர்ப்பிக்கிறது’. இப்போது பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகக் கட்டடத்தில் இருக்கிறது. உயரமான பாறைமேல் பிரிட்டனின் உருவகமான பிரிட்டானியா. கீழே இந்தியா முத்தும் மணியும் பதித்த கிரீடத்தை நீட்டுகிறாள். சீனாவின் பங்கு பீங்கானும் தேயிலையும். ரூபன்ஸ் படத்தில் மெர்குரியின் கோல் மட்டும்தான் இருந்தது. இங்கே மெர்குரியே வந்து வழிகாட்டுகிறான்.

யார் யாருக்கு என்ன செய்கிறார்கள் என்ற கேள்வியை இங்கே போடுங்கள். ரூபன்ஸ் படத்தில் உயரத்தில் இருப்பவள் கொடுக்கிறாள், சிறியவர்கள் வாங்குகிறார்கள். இங்கே உயரத்தில் இருப்பவள் வாங்குகிறாள். இதை வரையச் சொன்னவர்கள் கம்பெனியார். படம் மாட்டப்பட்டதோ வருவாய்க் குழு கூடும் அறையின் கூரையில். இதற்கு எட்டு ஆண்டு முன்னால்தான், கம்பெனி வரி வசூலித்துவந்த வங்காளத்தில் 1770இன் பெரும்பஞ்சம் வந்து போயிருந்தது. அதற்கான அடையாளம் படத்தில் எங்கும் இல்லை. மார்ஸையாவது ரூபன்ஸ் ஓரத்தில் வரைந்து வைத்தார்.